ஹொட்பிளேட் அண்ணையின் குசினி

கொழும்பு மாநகரில் ஆங்கிலச் சொற்களை மட்டும் நம்பிக் குடியிருந்த மனிதர் ஒருவர்தான். அவரை நாங்கள் ஹொட்பிளேட் அண்ணை என்போம். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும், தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், வீட்டுக்கார அன்ரி ஒருவரின் மேல்மாடியில், நானும் அவரும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். அன்ரி ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. அந்த வீட்டு மின்சார வயர்கள் அவருடைய கலியாணத்துக்கு முந்தியவை. அதனால் அறை தரும்போதே, "குக்கர் மட்டும் வைக்கக்கூடாது" என்று சொல்லிவிடுவார். சொன்ன சொல்லைத் தாண்டி ஓர் எழுத்தும் போகாத நேர்மையான மனுசி. அந்த நேர்மையில்தான் அண்ணை சமையல் நடத்தினார்.

முதல் மாதமே சோறு மணத்தது. அன்ரி கதவைத் தட்டினார்.

"குக்கர் வேண்டாமெண்டு சொன்னனான் எல்லோ?"

"இது ஹொட்பிளேட், அக்கா. குக்கர் எண்டால் அது சமைக்கும். இது சும்மா சுடும். சமைக்கிறது நான்."

அன்ரி நெற்றியைச் சுருக்கினார். விடைத்தாளுக்குப் புள்ளி போடுவதா விடுவதா என்ற யோசனை. "அதுவும் சரிதான். இனி ஹொட்பிளேட்டும் வேண்டாம்."

அடுத்தது கெட்டில். அதற்குள் முட்டை.

"கெட்டில் தண்ணிக்கெல்லோ, தம்பி?"

"தண்ணிதான் அக்கா கொதிக்குது. முட்டை குளிக்குது."

கெட்டிலும் போயிற்று. பிறகு டோஸ்டர் வந்தது. அதில் கருவாடு வாட்டிய அன்று, பெருந்தெருவான காலி வீதியில் பஸ்ஸில் போனவர்களும் மூக்கைப் பொத்தியிருப்பார்கள். "பாண்தான் வைக்கவேணுமெண்டு ஆர் சொன்னது?" என்று அண்ணை வாதாட, அன்ரிக்குக் கோபம் தலைக்கேறியது.

"இனிக் குசினிச் சாமான் ஒண்டு இந்த அறையில கண்டனெண்டால், அண்டைக்கே வேற இடம் பாருங்கோ."

வேறு இடம் என்பது லேசான காரியமில்லை. சண்டைக் காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தனி ஆணுக்கு அறை கொடுக்கக் கிருலப்பனை வரை எல்லோரும் பயந்தார்கள். அண்ணை அடங்கிப்போய்க் கடைச் சாப்பாட்டுக்கு மாறினார்.

அதன் பிறகுதான், நோய்ப்பட்டிருந்த அவருடைய மனைவியை ஊரிலிருந்து கூட்டிவந்து களுபோவில ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவருக்குக் கஞ்சியைத் தவிர வேறெதுவும் இறங்கவில்லை. கடைக் கஞ்சியையும் துப்பிவிட்டாராம். அண்ணை நேரே போய் ஒரு ரைஸ் குக்கர் வாங்கிவந்தார். நான் அவருடைய அறைக் கதவைச் சாத்தினேன்.

"அன்ரியிட்டச் சொல்லுங்கோவன், அண்ணை."

"பாவம் பார்த்து விட்ட இடத்தில என்னால இருக்கேலாது, தம்பி."

வாதாடி வென்றால்தான் அவருக்கு மதிப்பு. வீம்பு பிடித்த மனுசன்.

ஒரு கிழமை போவதற்குள், பட்டப்பகலில் பியூஸ் போனது. அன்ரி மூச்சு வாங்க மேலே வந்தார். பாதி வெந்த கஞ்சியோடு குக்கர் மேசையில் இருந்தது.

"இது என்ன?"

நான் அண்ணையின் வாயைப் பார்த்தேன். ஸ்டீமர் என்பார், வார்மர் என்பார், ஏதாவது சொல்லித் தப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தலையைக் குனிந்தார்.

"குக்கர்தான், அக்கா. மனுசி ஆஸ்பத்திரியில. பின்னேரம் கஞ்சி கொண்டுபோகவேணும்."

அன்ரி மூடியைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஆர் சொன்னது இது குக்கர் எண்டு? இது ஸ்டெரிலைசர். கிருமி கொல்லுற ஆஸ்பத்திரிச் சாமான். நான் வேண்டாமெண்டது குசினிச் சாமானை."

உள்பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கினார். "கரண்ட் வருமட்டும் நிண்டால் நேரம் போயிடும். கீழ என்ர அடுப்பில வைக்கிறன். உப்புப் போட்டனீங்களோ?"

அண்ணை இல்லை என்று தலையை ஆட்டினார். உப்புப் போத்தலை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் கீழே இறங்கினார்.

அன்று பின்னேரம் நானும் அவரோடு களுபோவிலைக்குப் போனேன். பஸ் நெரிசலில் கஞ்சிப் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அதுவரை எனக்கே தெரியாது.