கழலாத கம்பு

கோலூன்றித் தாண்டும் கம்பை இரண்டாக அறுத்து, திருகு மரை போட்டு, மறுபடியும் பூட்டிய மனிதர் இந்த உலகத்திலேயே என் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அறுக்கச் சொன்னவள் நான்.

எல்லாம் ஒரு ஸ்பெயின்காரியால் வந்தது. பிளஸ் டூ படிக்கும்போது அண்ணனின் போனில் அவளைப் பார்த்தேன். சர்வதேசப் போட்டி எதிலும் அவள் பதக்கம் வாங்கி நான் பார்த்ததில்லை. ஏழாவது வருவாள், பதினோராவது வருவாள், சில சமயம் தகுதிச் சுற்றோடு பெட்டியைக் கட்டுவாள். மூன்று முறை கம்பியைத் தட்டிவிட்டாலும் மெத்தையிலிருந்து எழுந்து கூட்டத்துக்குக் கையசைத்துவிட்டுத்தான் போவாள். (எங்கள் தெருவில் தோற்றவர்கள் பஞ்சாயத்து வைக்காமல் போனதில்லை.) நானும் இவளைப் போல ஆவேன் என்று முடிவு செய்தேன். எந்த விஷயத்தில் என்று அப்போது யோசிக்கவில்லை.

அப்பா திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்காரர். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுவார். எனக்காகச் சேலத்தில் ஒரு முன்னாள் வீராங்கனையைத் தேடிப் பிடித்து அவருடைய பழைய ஃபைபர் கம்பை வாங்கி வந்தார். அதை வைத்தே மாவட்டத்தில் முதலாவதாக வந்தேன். அடுத்தது சென்னையில் மாநிலப் போட்டி. அதில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி. என் மதிப்பெண்ணுக்கு வேறு எந்தக் கல்லூரியும் கதவைத் திறக்காது. நேரே நூல் மில்லுதான்.

ஆனால் பன்னிரண்டு அடிக் கம்பை எந்த பஸ்ஸிலும் ஏற்ற மாட்டேன் என்றார்கள். போட்டிக்கு இரண்டு நாள் இருந்தது. நான் அழுதேன். அப்பா கம்பைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏஞ் சாமி, ஆயரம் அடி போரு ஒரே பைப்பாவா எறங்குது? துண்டு துண்டா மரை பூட்டித்தான எறக்கறோம்? இதயும் அறுத்துப் பூட்டிக்கலாமா?"

எனக்கு அது மகா புத்திசாலித்தனமாகப் பட்டது. "ஆமாங்கப்பா, அறுத்துருங்க" என்றேன்.

லேத்துப் பட்டறையில் ஒரு பகல் முழுக்க வேலை நடந்தது. கம்புக்குள் நெடுக இரும்புப் பைப்பை நுழைத்து, நடுவில் மரை கடைந்து, இரண்டு துண்டையும் பூட்டினார்கள். பிறகு அதை இரண்டு கல்லுக்கு நடுவே வைத்து அப்பா மேலே ஏறி நின்றார்.

"பாத்தியா சாமி! துளிகூட வளையல!"

கம்பு வளைந்தால்தான் அது ஆளைத் தூக்கி மேலே வீசும். ஆட்டத்தின் முதல் பாடமே அதுதான், எனக்குத் தெரியும். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சட்டையெல்லாம் கிரீஸ். ஓடும்போது எப்படியும் கொஞ்சம் வளைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்: "ஏனுங்க, என்ன பைப்புங்க இது?"

"எம்புள்ள தாண்டற கம்புங்க" என்றார் அப்பா. அன்றைக்கு அந்த பஸ்ஸில் அவரைவிட நிமிர்ந்து உட்கார்ந்தவர் யாருமில்லை.

மைதானத்தில் நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கம்பை எதில் செய்திருந்தாலும் தடையில்லையாம். அந்த விதியை எழுதியவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஓடினேன். (ஓடினேன் என்பது பெருமைக்காகச் சொல்வது. கம்பு முன்னால் போனது, நான் பின்னால் போனேன்.) குழியில் ஊன்றியதும் அது செங்குத்தாக எழுந்து அப்படியே நின்றது. நான் உச்சியில் தொங்கினேன். பிறகு கம்பும் நானும் எந்த வழியாகப் போனோமோ அதே வழியாகத் திரும்பி வந்து தரையில் விழுந்தோம்.

கேலரியிலிருந்து ஒரே ஒரு கைதட்டல்.

"கழலல சாமி! கழலல!"

இரண்டாவது முறையும் அப்படியே. அந்தக் கைதட்டலும் அப்படியே. கோவைப் பெண் ஒருத்தி தன் கம்பை நீட்டி, "இதுல தாண்டுங்க அக்கா" என்றாள். கேலரியைப் பார்த்தேன். அப்பா எழுந்து நின்றிருந்தார். அவர் கண்முன்னால் அந்தக் கம்பைக் கீழே போட எனக்குக் கை வரவில்லை. வேண்டாம் என்றேன். மூன்றாவது முறை விழுந்ததோடு கல்லூரியும் போயிற்று. என் ஸ்பெயின்காரியைப் போல எழுந்து கூட்டத்துக்குக் கையசைத்தேன். அப்பா மட்டும் பதிலுக்குக் கையசைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா கேட்டார்: "மத்த புள்ளைங்க கம்பெல்லாம் வளையுதே சாமி, மட்டமான சரக்கா?"

"ஆமாங்கப்பா."

ஒரு வருஷம் நூல் மில்லில் நின்றேன். பிறகு அந்தச் சம்பளத்தில் பணம் கட்டி உடற்கல்வி படித்து, இப்போது மோகனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கம்பு வீட்டுப் பின்புறம் துணி காயப்போடும் கொடியாகக் குறுக்கே கிடக்கிறது. எத்தனை ஈரப் போர்வை போட்டாலும் வளையவில்லை. வீட்டில் எந்தக் காரியம் உருப்படாமல் போனாலும், அதைச் செய்தவரைப் பார்த்து, "கழலல சாமி!" என்று யாராவது ஒருவர் கை தட்டுவார்.

போன வருஷம் அந்த ஸ்பெயின்காரியின் போட்டி ஒன்றை அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அவள் கம்பு வில்லாக வளைந்தது. அப்பா போனைக் கையில் வாங்கிக்கொண்டார். அது வளைவதையும் அவளைத் தூக்குவதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

அவள் மூன்று முறையும் கம்பியைத் தட்டினாள், எழுந்தாள், கையசைத்தாள்.

அப்பா போனை என் மடியில் வைத்தார்.

"வளைஞ்சும் தாண்டலியே சாமி" என்றார்.