ஒசாகா இருமல்

பாட்டுக் கேட்பவர்களில் ஒரு வகை உண்டு. கடையில் விற்கிற ஆல்பத்தை ஏறெடுத்தும் பார்க்காது. எவனோ ஒருவன் கச்சேரிக் கூட்டத்துக்குள் கோட்டில் ஒளித்துக் கொண்டுபோன ரெக்கார்டரில், விசிலும் கூச்சலுமாகப் பிடித்துவந்த திருட்டுப் பதிவைத்தான் கேட்கும். இதெல்லாம் பெரிய நகரங்களில்தான் திரியும் என்று நினைத்தீர்களா? திண்டுக்கல் நாகல் நகரில் ஒன்று மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறது.

பெயர் அருள்நாதன்.

எழுபதுகளில் கொடிகட்டிப் பறந்த ஓர் இங்கிலாந்து ராக் குழு அவருக்கு உயிர். அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடிய ஒரே பாட்டின் பதிவுகளை ஹார்ட் டிஸ்க் நிறைய வைத்திருக்கிறார். எல்லாம் ஒரே பாட்டுதானே என்று கேட்டுவிடாதீர்கள். லண்டன் பதிவில் டிரம்ஸ் குடத்துக்குள்ளிருந்து வரும். ஜப்பானின் ஒசாகா பதிவில் கிதார் துலக்கமாக இருக்கும், ஆனால் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் யாரோ இருமுவார்கள். அந்த இருமல் வருவதற்கு முன்பே அருள்நாதன் கையை உயர்த்தி எதிரில் இருப்பவரின் பேச்சை நிறுத்திவிடுவார். எதிரில் இருப்பவர் கண்ணாடி வாங்க வந்தவராக இருந்தாலும்.

இந்த வகைக்கு எதிர்க்கட்சி இல்லாமல் உணவு இறங்காது. தோல் வியாபாரி இஷாக், பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, லண்டன் கட்சி.

"ஒசாகாவுலதான் மாப்ள உசுரு இருக்கு."

"இருமல்தான்யா இருக்கு. அது கச்சேரியா, ஆஸ்பத்திரி வார்டா?"

அந்த ஒரு வார்த்தைக்காக ரமலான் மாதம் முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நோன்புக் கஞ்சித் தூக்குவாளி மட்டும் தவறாமல் வந்தது. ஆள் வரவில்லை.

அவர்களைச் சேர்த்துவைத்தது ஒரு செய்தி. அந்தக் குழுவில் மிச்சமிருக்கிற கிழவர்கள் கடைசியாக ஒரு சுற்று வருகிறார்கள். பெங்களூருக்கும்! அரைக்கால் டவுசர் காலத்துக் கனவு. அருள்நாதனின் மனைவி ஜெசிந்தாவும், பாட்டுக்காக இல்லை, ஊர் பார்க்கிறேன் என்று கிளம்பினார்.

மேடையில் விளக்கு எரிந்தது. ஊரே எழுந்து குதித்தது. அருள்நாதன் குதிக்கவில்லை, கைதட்டவில்லை, மூச்சைக்கூட அளந்துதான் விட்டார். சட்டைப்பையில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் சத்த அளவு காட்டும் சிவப்புக் கோடு எல்லை தாண்டுகிறதா என்று குனிந்து பார்த்தபடியே இருந்தார். வேறு கோணத்தில் பதிய வேண்டுமென்று இஷாக் நாலு வரிசை தள்ளி இதே கோலத்தில் இருந்தார். ஜெசிந்தா எழுந்தபோது அருள்நாதன் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"செத்த நேரம் சும்மா இரு. சத்தம் விழுகுதுல்ல?"

ஜெசிந்தா சும்மா இருக்கவில்லை.

மறுநாள் ரயிலில் இரண்டு பதிவுகளும் விசாரணைக்கு வந்தன.

"ஒன்னோடதுல பேஸ் உறுமுதுய்யா."

"அது கெடக்கட்டும். நம்ம பாட்டுல பாடுற ஆளையே காணோமே? எம் மைக்கு மறைஞ்சிருச்சா?"

இஷாக் தன் பதிவைப் போட்டுப் பார்த்தார். அதிலும் அதே இடத்தில் ஆளைக் காணோம்.

ஜன்னலோரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஜெசிந்தா நிமிர்ந்தார். "மைக்கெல்லாம் ஒண்ணும் ஆகலைங்க. அந்த மனுசனாலதான் பாட முடியல. தொண்டை அடைச்சுப்போயி, மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டிட்டு, கண்ணத் தொடச்சுக்கிட்டு நின்னாரே. நாங்க எல்லாரும்தான் பாடி முடிச்சோம். நீங்க பாக்கலையா?"

இஷாக் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே கருவேலங்காடு தவிர வேறொன்றும் இல்லை. ஆயுள் முழுக்கக் காத்திருந்த முகம் கண்ணெதிரே நின்று அழுதிருக்கிறது. அருள்நாதன் தன் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ரெக்கார்டரைக் காதில் வைத்தபடி மனைவியிடம் கேட்டார். "வார்த்தை தெரியாம, சுதியும் சேராம, கிட்டத்துல ஒரு பொம்பளக் குரல் பாடுதே, அது நீயா?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

அவர் அந்த இடத்தை மறுபடி ஓட்டினார். கரூர் வரை ஓட்டிக்கொண்டே வந்தார்.

இப்போது நாகல் நகரில் புதிய சர்ச்சை. இஷாக் பதிவு மட்டம் என்கிறார் அருள்நாதன். காரணம், அதில் ஜெசிந்தா இல்லை.

பாவம், இப்படியும் ஒரு பிறவியா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன தடவை பள்ளி ஆண்டு விழாவில் உங்கள் மகள் மேடையில் ஆடினாளே, நடுவில் அடி தப்பியதும் உங்களைத் தேடிப் பார்த்தாளா, இல்லையா? போனில் பிடித்த வீடியோவைப் பார்க்காமல் சொல்லுங்கள்.