பந்து உருட்டியதற்கு ஒரு கிரெடிட்

ஹார்லன் ஃபோர்க், அயோவா
மார்ச் 6

அன்புள்ள ஆர்லின் அண்ணனுக்கு,

தங்கை வெர்னா எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரர் டெல்மரும் சுகம். முழங்கால் வரை பனி கிடக்கிறது. அரிசோனா வெயிலில் நீங்களும் அண்ணியும் வாடாமல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். மரியாதை இத்தோடு முடிந்தது.

நன்றி நாள் விருந்தில் வான்கோழியை அறுத்துக்கொண்டே எல்லார் முன்னாலும் என்ன கேட்டீர்கள்? "அம்பத்தெட்டு வயசுல உனக்கு எதுக்குடி டிகிரி? ஃப்ரேம் போட்டு பஸ் ஸ்டியரிங்ல மாட்டப்போறியா?" அப்போது என் வாய் நிறைய உருளைக்கிழங்கு. இப்போது பதில் சொல்கிறேன்.

இருபத்தாறு வருடமாகப் பள்ளி பஸ் ஓட்டுகிறேன். பஸ்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர் வேலைக்கு மூன்று முறை மனுப் போட்டேன். மூன்று முறையும், பட்டம் இல்லை என்று என்னைத் தள்ளிவிட்டு, பட்டம் வாங்கிய ஆளை வெளியூரிலிருந்து கூட்டிவந்தார்கள். மூன்று பேருக்கும் வேலை சொல்லிக்கொடுத்தவள் நான். கடைசியாக வந்த கோல்பிக்கு டீசல் எந்தப் பக்கம் ஊற்றுவது என்று காட்டிய அன்றுதான் முடிவெடுத்தேன். நான்கு வருடம் கல்லூரிக்குப் போவதென்றால் வீட்டை விற்கவேண்டும். ஆனால் முன்பு படித்த பாடங்களைப் புதுக் கல்லூரிக்கு மாற்றிக்கொண்டு, மீதிக்கு வகுப்புக்கே போகாமல் தேர்வு மட்டும் எழுதினால், டெல்மர் வாங்கி ஓட்டாமல் வைத்திருக்கிற படகைவிட மலிவு. அதனால் அவர் வாயே திறக்கவில்லை.

எண்பத்தேழில் சேர்ந்து இரண்டு வருடம் படித்தேனே, அந்தக் கல்லூரியை மூடிவிட்டார்களாம். போய்ப் பார்த்தால் மெத்தைக் கடை. பதினோரு போன் செய்து மதிப்பெண் பட்டியலைப் பிடித்துப் புதுக் கல்லூரிக்கு அனுப்பினேன். மனோதத்துவத்தில் நான் வாங்கிய 'ஏ' செல்லாதாம்.

"அது ரொம்பப் பழசு மேடம்" என்றாள் பதிவாளர் அலுவலகத்துப் பெண்.

"அப்ப எதும்மா செல்லும்?"

"பௌலிங் செல்லும். டிகிரிக் கணக்குல ஒரு கிரெடிட்."

பந்து உருட்டிக் கட்டைகளைச் சாய்த்ததற்கு வயதாகாதாம், மனிதர் மனசுக்கு மட்டும் வயதாகிவிடுமாம்! சண்டை போடவில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு, மனோதத்துவத்தைத் திரும்பத் தேர்வெழுதித் தேறினேன்.

அடுத்தது சமூகவியல். படிக்க நேரமில்லாததால் பாடத்தை என் குரலிலேயே பதிவுசெய்து பஸ்ஸில் ஓடவிட்டேன். ஆச்சரியம், பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள். நான்காம் நாள் ஒரு தகப்பன் பஸ்ஸை மறித்தான். "ஏங்க வெர்னா, சாப்பாட்டு மேசையில எம் பொண்ணு 'நாம எந்த சமூக அடுக்குப்பா'ன்னு கேக்கறா. ஆறு வயசுங்க அவளுக்கு!" என்றான். "நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "தெரியலன்னேன்." "நாளைக்கு அந்தப் பாடம்தான், கேட்டுட்டு வந்து சொல்லுவா" என்றேன். புகார் போய்விட்டது, பதிவை நிறுத்தினேன். அதற்குள் பாடம் எனக்கு மனப்பாடம்.

வரலாற்றுத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம். கணினி கேமராவில் எங்கிருந்தோ ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். பாதித் தேர்வில் டெல்மர் குளிர்கால உள்ளாடையோடு, கையில் இறைச்சித் தட்டோடு வந்து, "கடுகுச் சாஸ் எங்க?" என்றார். வந்தவர் திரையை எட்டிப் பார்த்து, "இது தெரியாதா உனக்கு? மூணாவது பதில்தான்" என்றும் சொல்லிவிட்டார். தேர்வு ரத்து. அண்ணா, அந்தப் பதில் தப்பு! மறுமுறை எழுதும்போது குளியலறையைத் தாழ்போட்டு, தொட்டிக்குள் உட்கார்ந்து, குறுக்கே ஒரு பலகை போட்டுக்கொண்டேன்.

"அறையைச் சுத்திக் காட்டுங்க" என்றது கேமராக் குரல். காட்டினேன். "மேடம்... நீங்க எங்க உக்காந்திருக்கீங்க?"

"தொட்டியில. துணியோடதான் தம்பி, பயப்படாத."

தேறினேன்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி, அல்ஜீப்ரா. முதல் முறை தோற்றேன். வாகனக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன், உங்களிடம் மட்டும் சொல்கிறேன். மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார்கள், பொறுத்தேன். காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவே காலி பஸ்ஸில் கையுறையோடு கணக்குப் போட்டேன். இந்தச் சனிக்கிழமை மறுபடியும் எழுதுகிறேன். தோற்றால் இன்னொரு முறை. எல்லாம் அந்த மேற்பார்வையாளர் வேலைக்காகத்தான், வேறு ஆசை கிடையாது. அது மட்டும் இல்லையென்றால், எக்ஸ் தொலைந்தால் எனக்கென்ன, ஒய் தொலைந்தால் எனக்கென்ன?

அண்ணிக்கு என் முத்தங்கள். உங்கள் இடுப்பு வலியை ஆண்டவர் எடுத்துக்கொள்ளட்டும். வாயையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை
வெர்னா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது இந்த வட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் தலைவரான கண்காணிப்பாளர் போன் செய்தார். கோல்பி வேலையை விட்டுவிட்டானாம். "ஸ்கூல் போர்டு நேத்து கூடிச்சு வெர்னா. அந்த வேலைக்கு டிகிரி வேணும்ங்கறதையே எடுத்துட்டாங்க. திங்கக்கிழமையிலேர்ந்து நீங்கதான் மேற்பார்வையாளர். இனி அந்தப் பரீட்சைத் தொல்லையெல்லாம் உங்களுக்கு எதுக்கு? சனிக்கிழமை வந்து சாவியை வாங்கிக்குங்க" என்றார். நன்றி சொன்னேன், வேலையையும் ஒப்புக்கொண்டேன். "ஆனா சனிக்கிழமை மட்டும் வர முடியாது சார்" என்றேன். "எனக்கு அல்ஜீப்ரா இருக்கு."