கடைசி நாலு எண்

கண்ணாடிக்கடைக்காரரின் கிரிப்டோ கணக்கை முடக்கிவிட்டார்கள். அதிலிருந்த தொகைக்கு ஒரு மூக்குக்கண்ணாடி உறைகூட வாராது. ஆனால் மாலை ஐந்து மணிக்குள் வெளிநாட்டிலிருக்கும் நெட்டையனுக்கு அதில் ஒரு துளி அனுப்பியே ஆகவேண்டும்.

நிதிக்குற்றப் பிரிவுக்கு ஓடினார். அதிகாரியம்மா கோப்பைப் புரட்டினார்.

"வெளிநாட்டுல ஒருத்தருக்கு ஒரே வருஷத்துல நூத்திப் பத்து தடவை அனுப்பியிருக்கீங்க. அவரும் திருப்பி அனுப்பியிருக்காரு. எதுக்கு?"

"பிறந்தநாள் அன்பளிப்பு மேடம்."

"நூத்திப் பத்து பிறந்தநாளா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். இரண்டாவது பொய் வாயில் வராததால் உண்மையைச் சொன்னார்.

"அது பணமே இல்ல மேடம். தொகையோட கடைசி நாலு எண்தான் விஷயம்."

"ஓ, சங்கேதம்" என்று எழுதிக்கொண்டார் அதிகாரி. ஒரு சட்டப்பிரிவில் மாட்டியிருந்தவர் இப்போது இரண்டில் மாட்டினார்.

"செஸ் மேடம். முதல் ரெண்டு எண் காய் நிக்கற கட்டம், அடுத்த ரெண்டு போற கட்டம்."

"போன்ல சொல்லிட்டுப் போறது?"

"நாங்க பேசிக்கறதில்ல. முப்பத்தெட்டு வருஷமாச்சு."

அன்று கல்லூரி விடுதி அறையில் ஆடும்போது, தொட்ட காயைத்தான் நகர்த்தவேண்டும் என்ற விதியை மீறி, தொட்ட காயை நகர்த்தமாட்டேன் என்றான் நெட்டையன். வாய்ச்சண்டை முற்றிப் பேச்சு நின்றது. ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. முதலில் அஞ்சலட்டை, பிறகு இந்தக் கிரிப்டோ நாணயம். எண்ணைத் தவிர ஒரு வார்த்தையும் எழுத இடமில்லாததால் இரண்டு வீம்புக்காரர்களுக்கும் அது வசதியாகப் போயிற்று.

நிரூபிக்கிறேன் என்று வீட்டுக்குப் போய் அஞ்சலட்டைக் கட்டுகளைத் தூக்கிவந்தார். அறுநூறு அட்டைகள், எல்லாவற்றிலும் வெறும் எண்கள்.

"இத்தனை வருஷமாவா நடக்குது?" என்றார் அதிகாரி. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினார்.

"இது மக பிறந்த அன்னிக்கு வந்தது. சந்தோஷத்துல ராணிய விட்டுட்டேன்." அடுத்த அட்டையில் குரல் இறங்கியது. "இது என் வீட்டுக்காரி தவறினப்ப வந்தது. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கான், காரணமே இல்லாம யானைய எனக்குக் குடுத்துட்டான். அவன் துக்கம் விசாரிச்சது அப்படித்தான்."

"அப்புறம்?"

"யானைய வாங்கிக்கிட்டும் நான்தான் தோத்தேன்."

தன் வாழ்நாள் முழுவதும் ஓர் அரசாங்க மேசைமேல் பரவிக் கிடப்பதைப் பார்த்து அவர் அட்டைகளை மெல்ல அடுக்கத் தொடங்கினார். அதிகாரி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, இன்னிக்கு என்ன அவ்வளவு அவசரம்?"

"அவன் ஆடி மூணு நாளைக்குள்ள நான் ஆடலைன்னா தோத்த மாதிரி. இதுவரைக்கும் ஒரு ஆட்டம் ஜெயிச்சதில்ல மேடம். இன்னிக்கு ஒரே ஒரு நகர்த்தல், அவன் ராஜா காலி."

மணி நாலே முக்கால். அதிகாரி எழுத்தரைக் கூப்பிட்டார்.

"இந்த முடக்கத்த உடனே எடுங்க. எவனோ வேலையத்தவன் சந்தேகம்னு புகார் எழுதிப் போட்டிருக்கான். இப்படி ஒரு சிநேகம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

எழுத்தர் கோப்பின் கடைசித் தாளைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"புகார் எழுதினதே அந்த சிநேகிதர்தான் மேடம், மூணு நாள் முன்னாடி."