இரண்டு மாப்பிள்ளைகளும் இரண்டு மொழிகளும்

ஏழாம் நம்பர் பஸ் நிறுத்தத்துக்கு வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு, போயும் விட்டது. சோதனை அறையின் இடப்பக்கப் பலகையோ, "இன்னும் நான்கு நிமிடத்தில் வரும்" என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. வலப்பக்கப் பலகை, "இப்போதுதான் போனது" என்றது.

இடப்பக்கம் ஓடியது பெரிய மாப்பிள்ளை உருவாக்கிய கணினி மொழி. வலப்பக்கம் சின்ன மாப்பிள்ளையுடையது. அக்காளைக் கட்டியவர் பெரியவர். தங்கையைக் கட்டியவன் சின்னவன். இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை அமைந்தது யார் செய்த பாவமோ! ஓடுகிற பஸ்கள் நொடிக்கு நொடி அனுப்பும் தகவலை நிற்காமல் வாங்கி, உடனுக்குடன் பலகையில் காட்ட ஒரு மொழி வேண்டும் என்று பஸ் நிறுவனம் கேட்டிருந்தது. இரண்டில் ஒன்றை வெள்ளிக்கிழமை தேர்ந்தெடுப்பார்கள்.

"உங்களது ஏன் அண்ணே தயங்குது?" என்றான் சின்னவன், குரலில் சர்க்கரை தடவி.

"தயங்கலை சகலை. பின்னால வர்ற தகவலுக்குக் காத்திருக்கு. கடைசி ஆள் வந்து உட்கார்றதுக்கு முன்னாடி பரிமாறுறது எங்க வீட்டு வழக்கமில்லை."

"அதுக்குள்ள பஸ் போயிடுதே!"

சோதனை பார்க்கும் பெண் இருமுவதுபோல் சிரித்தாள்.

"என் மொழி எப்படி வேலை செய்யுதுன்னு எழுதி வச்சிருக்கேன். ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன், அண்ணே."

"சின்ன மாப்பிள்ளை எழுதினதைப் பெரிய மாப்பிள்ளை படிக்கிறதா? நல்லா இருக்கு நியாயம்!"

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனால், இருபது வருடமாகப் பெரியவருக்கென்றே இருந்த சாய்வு நாற்காலியில் சின்னவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"சின்ன மாப்பிள்ளை மொழியில ஒரே வரி எழுதினாப் போதுமாமே?" என்றார் மாமனார், பெரியவருக்கு ஒரு முக்காலியைக் காட்டியபடி.

"என் தங்கச்சி முகத்துல என்ன ஒரு வெளிச்சம், பார்த்தீங்களா?" என்று மனைவி காதைக் கடித்தாள்.

முக்காலி ஆடியது. பெரியவருக்கு வயிறு எரிந்தது.

திங்கட்கிழமை, தன் மொழியில் எழுதியிருந்த மூன்று வரி நிரலில் காத்திருக்கும் நேரத்தை அடியோடு வெட்டினார். பலகை பறந்தது. ஆனால் பாலத்துக்கு அடியில் சிக்னல் இல்லாமல் தாமதமாகத் தகவல் அனுப்பும் பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸைக் காணவில்லை.

"பன்னிரண்டு எங்க சார்?" என்றாள் சோதனைக்காரப் பெண்.

"அவன் பலகையிலயும்தான் இல்லை. அதைக் கேட்டியா?"

"அங்க முதல்லேர்ந்தே இல்லை சார். உங்களதுல நேத்து வரைக்கும் இருந்துச்சு."

செவ்வாய்க்கிழமை, பிந்தி வரும் தகவலையும் ஏற்றுப் பதிலைத் திருத்தும் வசதியைத் தன் மொழியில் சேர்த்தார். எவ்வளவு பிந்தினால் ஏற்பது, எப்போது திருத்துவது, எதைத் தள்ளுவது என்று எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். மூன்று வரி பதினொன்று ஆனது. அதில் ஒன்றை அவரே எழுத மறந்தார். பலகை "ஆறு நிமிடம், இரண்டு நிமிடம், ஆறு நிமிடம்" என்று ஜன்னி கண்டதுபோல் பிதற்றியது.

வலப்பக்கம் திரும்பியவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கே பன்னிரண்டாம் நம்பர் பஸ் ஜம்மென்று வந்துகொண்டிருந்தது. சின்னவனின் ஒரே வரி இன்னும் ஒரே வரியாகவே இருந்தது.

"நேத்து அவனுக்கு இது தெரியாதே! என் முதுகுக்குப் பின்னால நின்னு பார்த்துத் திருடுறான்!"

புதன்கிழமை தன் திரையைச் சுற்றி அட்டையால் வேலி கட்டினார். அட்டைக்குள் தலையை நுழைத்து இரண்டு நாள் உழைத்து, மொழியின் வேகத்தை இரண்டு மடங்காக்கினார். வியாழன் மாலை நிமிர்ந்து பார்த்தால், சின்னவனின் பலகையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. சின்னவனோ அன்று விடுப்பு!

வெள்ளிக்கிழமை பஸ் நிறுவனத்தார் வந்தார்கள், இரண்டையும் பார்த்தார்கள், வலப்பக்கம் கையைக் காட்டினார்கள்.

"வேகமும் இருக்கு, தப்பும் இல்லை. எழுதவும் ஒரே வரி."

"அண்ணே, இதெல்லாம் உங்க..." என்று ஆரம்பித்தான் சின்னவன்.

"நிறுத்து சகலை! உன் ஆறுதல் எனக்கு வேண்டாம். மதிப்பில்லாத இடத்துல என் மொழி ஒரு நொடிகூட இருக்காது!"

விறுவிறுவென்று போய்த் தன் மொழியைக் கணினியிலிருந்து அடியோடு அழித்தார். இடப்பக்கப் பலகை அணைந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அடுத்த நொடி வலப்பக்கப் பலகையும் அணைந்தது.

"பார்த்தீங்களா, சாயம் வெளுத்துப்போச்சு!" பெரியவர் சின்னப் பிள்ளைபோல் கைதட்டினார். "என்னோடது போன மறு நொடியே படுத்துடுச்சு! இதையா தேர்ந்தெடுத்தீங்க?"

சோதனைக்காரப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஐயோ சார், அவரு மொழி அந்த ஒரு வரியை உள்ளுக்குள்ள உங்க மொழியா மாத்தித்தான் ஓட்டிக்கிட்டிருந்துச்சு, இவங்க தேர்ந்தெடுத்ததே உங்களைத்தான்!"