ஓவன் கதவு திறக்கும்வரை வண்டி வேண்டாம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி, நாங்களும் அப்படியே என்று சொல்ல முடியாத நிலையில் உன் தங்கை எழுதுவது. போனிலேயே சொல்லியிருப்பேன். நான் வாயைத் திறப்பதற்குள் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

நீ வெளியூர் போனபோது என்னிடம் விட்டுப்போன ஓவனை எடுத்துப்போக, ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறாய். இரவல் வாங்கிய எதையும் நான் முழுசாகத் திருப்பித் தந்ததில்லை என்று உறவில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருக்கிறாய். இதையாவது பளபளவென்று தரவேண்டும் என்றுதான், அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் பட்டனை அழுத்தினேன். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது, அழுக்கெல்லாம் எரிந்து சாம்பலானது, மணி அடித்தது, கதவு மட்டும் திறக்கவில்லை. இவர் வந்து, "தள்ளு, இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று மெயினை அணைத்துத் திரும்பப் போட்டார். ஓவன் நேரத்தை மறந்தது, பூட்டை மறக்கவில்லை. "அரைகுறையா ஓடியிருக்கு. இன்னொரு தடவை முழுசா ஓடினாத்தான் விடும்" என்று அதே பட்டனை அழுத்திவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். சாயங்காலம் மகள், "அம்மா, வீடியோவுல பாத்தேன், ஆரம்பிச்சு உடனே நிறுத்தணுமாம்" என்று பட்டனை அழுத்தினாள். தோழி போன் செய்ததில் நிறுத்த மறந்தாள். மறுநாள் என் மாமியார், "விளக்கு சிமிட்டிக்கிட்டே இருந்துச்சும்மா, அணைச்சிடலாம்னு அமுக்கினேன்" என்றார். சமையலறையில் அனல் தாங்காமல் நிற்க முடியவில்லை. கடைசியில் மெக்கானிக்கைப் போனில் பிடித்தேன்.

"உள்ள ஏதாவது மாட்டியிருக்காம்மா?"

"இல்லைங்க."

"அப்புறம் என்னம்மா அவசரம்?"

உன்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த அவசரம் புரியும்.

ஆகவே வண்டியை அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள். திட்டுவதானால் எழுதித் திட்டு, உட்கார்ந்து படித்துக்கொள்கிறேன். நின்றுகொண்டு கேட்கத் தெம்பில்லை. அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
இந்த முறை எதையும் உடைக்காத
உன் தங்கை

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் கதவு திறந்துவிட்டது! இன்று எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். யாரும் கை வைக்காததால் ஓவன் ஆறியது, ஆறியதும் 'க்ளிக்' என்று தானாகவே விட்டுக்கொடுத்தது. சூடு அடங்கினால்தான் அந்தப் பூட்டு விடும்போல. ஆளுக்கொரு முறை சூடேற்றிக்கொண்டே இருந்தது நாங்கள்தான். என்னையும் இந்த வீட்டில் ஒரு மத்தியானம் சும்மா விட்டால் நானும் சிரித்த முகமாகிவிடுவேன் என்று தோன்றியது. உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கிறது, அக்கா. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. ஞாயிற்றுக்கிழமையே வா.

இதை எழுதும்போதே இவர் வந்துவிட்டார். "அட, திறந்துடுச்சா! பூட்டு சரியா வேலை செய்யுதா, எங்க பாப்போம்" என்று பட்டனை அழுத்திவிட்டார்.

வண்டியை நிறுத்து.