பிரேக்கில் புகுந்த காத்து

இது நான் கண்ட கதை இல்லை. இரத்தோட்டைப் பள்ளிவாசலில் தொழவைக்கும் லெப்பை யாகூப் சொல்லக் கேட்டது. அவருக்கும் இதில் பங்கு உண்டு. அவர் தன்னைப் புகழ்ந்துகொண்ட இடங்களை மட்டும் விட்டுவிட்டேன்.

முத்தலிப் ஒரு பழைய மொரிஸ் மைனரை வாடகைக்கு ஓட்டிவந்தார். எந்த இறக்கத்திலும் காரை நிறுத்துவார். மனைவி ஜுனைதாவை மட்டும் அவரால் நிறுத்த முடிந்ததில்லை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மாத்தளையில் அவளுக்கு நேர்முகப் பரீட்சை. தெரிவானால் ஆசிரியர் கலாசாலை விடுதியில் இரண்டு வருஷம். போகாதே என்று சொல்ல வழியில்லை. படிக்க வைப்பேன் என்று நிக்காஹ் அன்று சபை நடுவே மாமனாரின் கையைப் பிடித்துச் சொன்னவர் அவர். இரண்டு வருஷமும் தான் ஆக்கியதைத் தானே தின்ன வேண்டும் என்ற நினைப்பிலேயே அவருக்குக் கன்னம் ஒட்டிவிட்டது. பிள்ளை இல்லாத வீடு. சண்டை பிடிக்கக்கூட ஆள் இருக்காது.

அந்த வாரம் பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மிச்சம் அவருடைய கார்தான்.

புதன் பின்னேரம் காருக்கு அடியில் புகுந்தார். பின் சில்லில், சக்கரத்துக்குப் பின்னால் பிரேக் எண்ணெய்க் குழாய் முடியும் இடத்தில் இருந்த சின்ன நட்டை இளக்கினார். வெளியே வந்து பெடலை நாலு தரம் மிதித்து விட்டு, காத்து உள்ளே போனதும் நட்டை இறுக்கினார். அதன் பிறகு பெடல் தலையணையை மிதித்ததுபோல் அமுங்கியது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, குசினியில் சமைத்துக்கொண்டிருந்த ஜுனைதாவிடம் போய், பிரேக்கில் காத்து புகுந்துவிட்டது என்றார்.

அப்படியென்றால் என்ன என்று அவள் கேட்டாள். கலியாணமாகி ஏழு வருஷத்தில் அவள் அவரிடம் விளக்கம் கேட்டது அதுவே முதல் தடவை. மனுஷன் பெருமையில் மயங்கிவிட்டார். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். அந்த எண்ணெய் குழாய் வழியே ஓடிச் சில்லுக்குள் இருக்கும் இரண்டு பிரேக் ஷூவையும் சில்லோடு சுற்றும் டிரம்மில் அழுத்தும். சில்லு நிற்கும் என்று வரிசையாகச் சொன்னார்.

"எண்ணெய் நசுங்காது புள்ள. காத்து நசுங்கும். மிதிச்ச மிதியெல்லாம் காத்தை நசுக்கவே போயிரும். ஷூ அசையாது."

இதற்கு மருந்து என்ன என்று கேட்டாள். அதையும் சொன்னார். ஒருவர் மிதிக்க, ஒருவர் நட்டைத் திறந்து காத்தை வெளியேற்ற வேண்டும். புது எண்ணெய் ஊற்ற வேண்டும். எண்ணெயும் மெக்கானிக்கும் மாத்தளையில். பஸ் ஓடினால்தான் வரும்.

"காத்துன்னா சும்மா விடக் கூடாது," என்று சொல்லி, ஜுனைதா முக்காட்டை இழுத்துவிட்டு வெளியே போனாள்.

எங்கள் பக்கத்தில் காத்து என்றால் வெறும் காத்து மட்டும் இல்லை, ஆளைப் பிடிக்கும் பேயும் காத்துதான். ஓயாமல் அழும் பிள்ளைக்கும் காத்து. தனியே சிரிக்கும் குமர்ப் பெண்ணுக்கும் காத்து. லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்தால் போய்விடும்.

வியாழன் விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு லெப்பை போத்தலும் கையுமாக வந்து நின்றார்.

"லெப்பே, இது வேற காத்து," என்றார் முத்தலிப்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஓதிக் கொண்டாந்திருக்கேன். எங்க ஊத்தணும்?"

ஜுனைதா காருக்குள் கால்விரிப்பைத் தூக்கி, மாஸ்டர் சிலிண்டரின் மூடியைக் காட்டினாள். லெப்பை போத்தலைச் சரித்தார். முத்தலிப் குறுக்கே கையை நீட்டினார். எண்ணெயில் தண்ணீர் கலந்தால், இறக்கத்தில் டிரம் சூடேறும்போது அது கொதித்து ஆவியாகும். ஆவியும் நசுங்கும். அப்புறம் காரும் இல்லை, அவரும் இல்லை.

"ஊத்தாதீங்க லெப்பே. அது நானே விட்ட காத்து."



"எந்தச் சில்லுல?" என்று கேட்டாள் ஜுனைதா.

"பின்னால, இடது."

"நான் மிதிக்கிறேன். நீங்க கீழ படுங்க."

அவருக்குக் கடைசியாக ஒரு துரும்பு அகப்பட்டது. "பிரேக் எண்ணெய்க்கு எங்க போறது புள்ள?"

லெப்பை போத்தலை அவர் மூக்கருகே நீட்டினார். விளக்கெண்ணெய் வாசம், அந்தக் காலத்துப் பிரேக் எண்ணெய்க்கு உள்ள வாசம். முந்தின நாளே தோட்டத்து லொறி டிரைவரிடம் கேட்டு ஜுனைதா வாங்கி, ஓதச் சொல்லி லெப்பையிடம் கொடுத்து வைத்த எண்ணெய்.

"ஓதினது மெய்தான்," என்றார் லெப்பை. "தண்ணின்னு நான் எப்ப சொன்னேன்?"

முத்தலிப் மல்லாந்து படுத்தார். மேலேயிருந்து உத்தரவு வந்தபடி இருந்தது. "மிதிச்சிட்டேன், தெறங்க. மூடுங்க. விடுறேன்." நுரைநுரையாகக் காத்து வெளியேறி, எண்ணெய் அவர் தாடியில் வடிந்தது. கண்ணிலிருந்து வடிந்தது எண்ணெய் இல்லை என்று லெப்பை சொல்கிறார். பெடல் கல்லாக இறுகியது. எட்டே முக்காலுக்கு மாத்தளையில் இருந்தார்கள்.

அவள் தெரிவானாள். லெப்பை சொன்னதை மட்டும் நம்பி எழுத மனம் வராமல், அன்று நேர்முகக் குழுவில் இருந்த தர்மராஜா ஐயாவைத் தேடிப்போய் விசாரித்தேன். அவருக்கு நல்ல ஞாபகம். திரவத்துக்கும் வாயுவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாராம். எண்ணெய் நசுங்காது, காத்து நசுங்கும் என்று அவள் பட்டென்று சொன்னாளாம்.

"ஆர் படிப்பிச்சது எண்டு கேட்டன்," என்றார் ஐயா. "தன்ர மனுசன் எண்டு சொன்னவ."